செய்தியில் வரும் கொலையும் நம் மனசில் ஏறும் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். குற்றச் செய்திகளைச் சுருக்கித் தலைப்பு போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்த நாளிலிருந்து இன்றுவரை நண்பர்களும் உறவினர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

நாள் தவறாமல் கொலைச் செய்தி வருகிறது. காலம் கெட்டுக்கொண்டே போகிறது என்றுதானே அர்த்தம்?

செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தோமே, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ‘நேற்று இரவு 2 பேர் கொலை’ என்பது தொகுதி. எத்தனை பேரில் 2 என்பது பகுதி. செய்தி பெரும்பாலும் தொகுதியோடு நின்றுவிடுகிறது. கீழே இருக்க வேண்டிய எண்ணை நம் மனம் தானே எழுதிக்கொள்கிறது. அதையும் தன் தெரு, தன் வீடு என்ற அளவுக்குச் சின்ன எண்ணாக எழுதிக்கொள்கிறது.

இதற்கு நீண்டகாலக் கணக்கு உள்ள நாடு அமெரிக்கா. அங்கே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் புள்ளிவிவரப்படி 1993-க்கும் 2022-க்கும் இடையில் வன்முறைக் குற்ற விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், ‘போன வருஷத்தைவிட இந்த வருஷம் நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா?’ என்று மக்களிடம் 27 முறை கேட்டது. 23 முறை, 60 சதவீதமோ அதற்கு மேலோ ஆனவர்கள் ‘ஆமாம், கூடியிருக்கிறது’ என்றார்கள். ‘உங்கள் பகுதியில்?’ என்று கேட்டால் அவ்வளவு பேர் ஆமாம் சொல்வதில்லை. சொந்தப் பகுதியைக் கண்ணால் பார்க்கிறோம், நாட்டைச் செய்தி வழியாகப் பார்க்கிறோம். அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

குற்றம் உண்மையிலேயே கூடும் காலங்களும் உண்டு. 2020-ல் அமெரிக்காவில் கொலைகள் ஒரே ஆண்டில் சுமார் 30 சதவீதம் உயர்ந்தன. அந்த ஆண்டு பயந்தவர்கள் சரியாகவே பயந்தார்கள். ஆனால் குறைந்த ஆண்டுகளிலும் அதே பயம் இருந்தது. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவைக் காட்டும் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியுமா?

நடந்ததைத்தானே போடுகிறார்கள்? பொய் சொல்லவில்லையே?

பெரும்பாலும் பொய் இல்லைதான். ஆனால் எதைப் போடுவது, எதை விடுவது என்று எடுத்துவைப்பதிலேயே படம் மாறிவிடுகிறது.

இரவு ஒன்பது மணி. பக்கம் முடிய இன்னும் ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று, காசநோய் மருந்து சில வாரங்களாகக் கிடைக்கவில்லை என்ற செய்தி. அதில் பெயர் இல்லை, படம் இல்லை, ‘நேற்று’ என்ற சொல்லே இல்லை. இன்னொன்று, ஒரு கொலை. சிசிடிவி படத்தோடு வந்திருந்தது. இந்த இடத்தில் நான் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் கொலைதான் பக்கத்தில் ஏறியது. அந்த இரவுகளில் நான் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. ஆனால் மறுநாள் அந்தப் பக்கத்தைப் படித்தவருக்குக் கத்தியைத் தெரிந்திருக்கும், காசநோயைத் தெரிந்திருக்காது.

இதை 1970-களின் இறுதியில் எண்ணியே பார்த்தார்கள். பார்பரா கூம்ப்ஸ், பால் ஸ்லோவிக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எதிரெதிர்க் கோடிகளில் வெளிவந்த இரண்டு நாளிதழ்களை எடுத்துக்கொண்டு, எந்தச் சாவுக்கு எவ்வளவு இடம் என்று கணக்கிட்டார்கள். நோய்கள் கொலையைப் போல ஏறத்தாழ 100 மடங்கு உயிர்களை எடுத்தன. ஆனால் நோய்ச் சாவுகளைப் பற்றிய செய்திகளைப் போல மூன்று மடங்கு செய்திகள் கொலைகளைப் பற்றி வந்திருந்தன. இரண்டு ஊர்ப் பத்திரிகைகளுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை; சாய்வு மட்டும் ஒரே பக்கம்.

நம் மனம் ஏன் அந்தச் சாய்வை அப்படியே ஏற்றுக்கொள்கிறது?

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ, அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று நம்புவது மனதின் பழக்கம். உளவியலாளர்களான ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-ல் இதை விளக்கினார்கள். அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல குறுக்குவழிதான். எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்று நினைவில் வைத்துக்கொள்ள இதுவே போதும். நினைவில் இருப்பது நாமே கண்டதாக இல்லாமல், வேறு யாரோ பொறுக்கியெடுத்துக் காட்டியதாக இருக்கும்போதுதான் குறுக்குவழி தடம் மாறுகிறது.

ஸ்லோவிக்கின் குழு அமெரிக்கர்களிடம் இரண்டிரண்டு காரணங்களாகச் சொல்லி, எதனால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று கேட்டது. பக்கவாதத்தால் இறந்தவர்கள் எல்லா விபத்துகளிலும் சேர்த்து இறந்தவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் கேட்கப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் விபத்துதான் அதிகம் என்றார்கள். விபத்துக்குப் படம் உண்டு. பக்கவாதம் வீட்டுக்குள், கட்டிலில் நடக்கிறது.

உலகக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 2021-ல் உலகம் முழுக்கக் கொலையானவர்கள் சுமார் 4,58,000 பேர் என்கிறது ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல், சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றில் எதற்குப் பயந்து நாம் பிள்ளைகளை வெளியே விடாமல் இருக்கிறோம், எதற்குப் பயப்படாமல் ஹெல்மெட் போடாமல் போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அதிகமாக டிவி பார்ப்பவர்கள் அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்பது உறுதியானதா?

ஓரளவுக்கு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் இறுதியில் தொலைக்காட்சி வன்முறையை ஆண்டுக்கணக்காக எண்ண ஆரம்பித்தார். நாளெல்லாம் டிவி பார்ப்பவர்கள், கொஞ்சமாகப் பார்ப்பவர்களைவிட உலகம் ஆபத்தானது, மனிதர்களை நம்பக்கூடாது என்று அதிகம் நினைப்பதாகச் சொன்னார். டிவி பார்ப்பவர் வன்முறையாளராக மாறுவதைவிட, பயந்தவராக மாறுவதுதான் அவர் கவலை. பயந்தவர்களை ஆட்டிவைப்பது எளிது என்பதையும் அவர் எச்சரித்தார்.

மறுப்பும் வந்தது. 1979-ல் டொரண்டோவில் ஆய்வு செய்த ஆந்தனி டூபும் க்ளென் மெக்டொனால்டும், குற்றம் மிகுந்த பகுதியில் வசிப்பவர்கள் வெளியே போகாமல் வீட்டிலேயே டிவி பார்ப்பதும் உண்டு என்று காட்டினார்கள். அதாவது பயத்துக்கு வேர் தெருவில் இருக்கலாம், டிவியில் மட்டும் தேடக்கூடாது. குடியிருக்கும் பகுதியைக் கணக்கில் எடுத்ததும் டிவிக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு பெருமளவு மங்கிவிட்டது. பின்னர் 2003-ல் டேனியல் ரோமரும் சக ஆய்வாளர்களும் உள்ளூர் டிவி செய்தியைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, பகுதியில் குற்றம் எவ்வளவு இருந்தாலும் உள்ளூர்ச் செய்தி அதிகம் பார்ப்பவர்களிடம் பயம் அதிகம் இருந்தது.

என் கருத்து: செய்தி ஒன்றுமில்லாத இடத்தில் பயத்தை விதைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பயத்துக்கு முகமும் முகவரியும் கொடுக்கிறது.

குற்றச் செய்திக்கே ஏன் இவ்வளவு இடம்?

முதல் காரணம், செலவு குறைவு. காவல்துறை தகவல் தருகிறது, எஃப்ஐஆர் இருக்கிறது, சிசிடிவி காட்சி கிடைக்கிறது. ஒரு நிருபர் அரை நாளில் முடித்துவிடலாம். அணையில் நடந்த முறைகேட்டை எழுத மூன்று மாதம் அலைய வேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. 1965-ல் யோஹன் கால்டுங், மாரி ரூகே என்ற நார்வே நாட்டு ஆய்வாளர்கள், எது செய்தியாகிறது என்று பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள்: செய்தி வெளிவரும் கால இடைவெளிக்குள் தொடங்கி முடிகிற நிகழ்வுக்கே செய்தியாகும் வாய்ப்பு அதிகம். கொலைக்கு ஒரு நிமிடம் போதும்; ஒரு பதிப்புக்குள் அடங்கிவிடும். வறுமையும் குடியும் ஒரு குடும்பத்தை உள்ளிருந்து அரிக்கப் பத்து வருடம் ஆகும். அது எந்த நாள் பதிப்பிலும் அடங்காது.

மூன்றாவது, நாம். கிளிக் செய்வது நாம்தான். நின்று பார்க்கும் வீடியோவைப் போல இன்னும் பத்து வீடியோவை எடுத்து நீட்டுகிறது செயலி.

செய்தியில் வரும் சொற்களுக்கு அவ்வளவு பலம் உண்டா?

உண்டு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொற்களைப் போட்ட கைகளில் என் கையும் ஒன்று.

ஒருநாள், கணவன் மனைவியை வெட்டிக் கொன்ற செய்தி வந்தது. ‘குடும்பத் தகராறில் மனைவி வெட்டிக் கொலை’ என்று தலைப்பு போட்டேன். தினமும் போடுகிற தலைப்புதான். மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இறந்த பெண்ணின் அக்கா. திட்டவில்லை, அழவும் இல்லை. “சார், தகராறுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து போடுறது. என் தங்கச்சி தூங்கிக்கிட்டு இருந்தா சார்” என்றார். வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்தச் சொல்லை என்னால் போட முடியவில்லை. மற்ற சொற்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

‘காதலிக்க மறுத்ததால் கொலை.’ இந்த ‘ஆல்’ விகுதியைப் பாருங்கள். காரணம் அவள் மறுப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. மறுத்தது அவள் உரிமை. கொன்றது அவன் முடிவு. ‘மறுத்த பெண்ணைக் கொன்ற இளைஞன்’ என்று எழுதினால் அதே இடத்துக்குள் அடங்கும், பழியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். ‘கள்ளக்காதல்’ என்ற சொல் இன்னும் மோசம். ஒரே சொல்லில் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. செத்தவருக்கு ‘சரிதான்’ என்று ஒரு மௌனத் தண்டனையும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வகை, எண்ணே இல்லாமல் எண்ணிக்கை சொல்லும் சொற்கள்: ‘அடுத்தடுத்து’, ‘தொடர்கதையாகும்’, ‘அதிகரித்து வரும்’, ‘ஒரே நாளில் 3 கொலை’. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நிலப்பரப்பில் எந்த நாளை எடுத்தாலும் ‘ஒரே நாளில்’ என்று தலைப்பு போட்டுவிட முடியும். எப்போதை ஒப்பிட்டால் அதிகரித்து வருகிறது? அந்தக் கேள்விக்கு உள்ளே பதில் இருந்தால் அது செய்தி. இல்லாவிட்டால் அது வெறும் ஒலி.

மூன்றாவது வகை, ‘மர்ம நபர்’, ‘மர்மக் கும்பல்’. இன்னும் அடையாளம் தெரியவில்லை என்பதுதான் பொருள். ஆனால் படிப்பவர் மனதில் இருட்டில் நிற்கும் முகம் தெரியாத ஒருவன் எழுந்து நிற்கிறான். மூன்று நாள் கழித்து, கொன்றது சொந்த மைத்துனன் என்று தெரியவந்தால், அந்தச் செய்தி உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். முதல் நாள் எழுந்து நின்ற அந்த இருட்டு மனிதன் நம் மனதைவிட்டு நகரவே மாட்டான்.

‘சரமாரியாக’, ‘ஓட ஓட விரட்டி’, ‘பதைபதைக்க வைக்கும்’ ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை தகவல் எதையும் சேர்ப்பதில்லை. எடுத்துவிட்டுப் படித்தால் செய்தி முழுசாகவே இருக்கிறது.

அப்படியானால் உண்மையில் யார் கொல்லப்படுகிறார்கள், யார் கையால்?

உலகில் கொலையாகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். ஆனால் பெண்களுக்கு வரும் ஆபத்தின் இடம் வேறு. ஐ.நா. கணக்குப்படி 2022-ல் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களில் சுமார் 48,800 பேரைக் கொன்றது கணவன், துணைவர் அல்லது குடும்பத்தில் ஒருவர். அதாவது 55 சதவீதம். ஆண்களில் இப்படி வீட்டாரால் கொல்லப்படுவது 12 சதவீதம்.

பாலியல் வல்லுறவிலும் இதே கதை. இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பதிவான வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர்.

இதனால்தான் இந்தப் பொருளை ஏதோ ஊடக ஆராய்ச்சி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தெருவுக்குப் பயந்து ஒரு பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறோம். அவளுக்கு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால், நாம் பூட்டியது யாரோடு சேர்த்து?

எல்லாச் சாவும் ஒரே அளவில் செய்தியாகிறதா?

இல்லை. இறந்தவர் இளம்பெண்ணா, படித்தவரா, அழகான புகைப்படம் கிடைத்ததா, வாசகர் ‘நம்மைப் போன்றவர்’ என்று நினைக்கும் குடும்பமா என்பதெல்லாம் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் க்வென் ஐஃபில் 2004-ல் இதற்குக் ‘காணாமல்போன வெள்ளைக்காரப் பெண் நோய்’ என்றே பெயர் வைத்தார். கறுப்பினப் பெண் காணாமல்போனால் அந்தக் கேமராக்கள் வருவதில்லை என்பது அவர் சொன்ன குறை. ஒவ்வொரு சமூகத்திலும் அந்த வரிசையில் முதலில் நிற்பவர் மாறுவார். வரிசை மாறாது.

காட்டாததைக்கூடப் பார்த்ததாக நினைத்துக்கொள்வோமா?

நினைத்துக்கொள்வோம். ஃபிராங்க்ளின் கில்லியமும் சாந்தோ ஐயங்காரும் லாஸ் ஏஞ்சலிஸில் செய்து 2000-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு குற்றச் செய்தியைச் சிலருக்குச் சந்தேக நபரின் படத்தோடும் சிலருக்குப் படமே இல்லாமலும் காட்டினார்கள். படம் இல்லாமல் பார்த்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், சந்தேக நபரைப் பார்த்ததாகவே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 70 சதவீதம் பேர், அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். வருடக்கணக்காகப் பார்த்த செய்திகள், காலியாக இருந்த படச் சட்டத்துக்குள் தாமாகவே ஒரு முகத்தை மாட்டிவிட்டன.

இதன் விலை என்ன என்பதற்கு 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஓட்டப்பயிற்சிக்குச் சென்ற பெண் தாக்கப்பட்ட வழக்கு சாட்சி. 14 முதல் 16 வயது வரையிலான கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பையன்கள் ஐந்து பேர் கைதானார்கள். செய்திகள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்று எழுதின. தண்டனையும் கிடைத்தது. 2002-ல், வேறு வழக்குகளில் சிறையிலிருந்த ஒருவன் தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான், டிஎன்ஏ பொருந்தியது, ஐவர் மீதான தீர்ப்புகளும் ரத்தாயின. 2014-ல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. அவர்கள் இளமை அந்தத் தொகையில் திரும்பி வரவில்லை.

தவறான செய்தியைத் திருத்திவிட்டால் மக்கள் மனதிலும் திருந்திவிடுமா?

அவ்வளவு லேசில் இல்லை. 1964 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு இளம்பெண் பின்னிரவில் தன் குடியிருப்பின் அருகே குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ், 38 பேர் அரைமணி நேரத்துக்கும் மேலாக அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்ததாக முதல் பக்கத்தில் எழுதியது. ‘நகரத்து மனிதர்களுக்கு ஈரமே இல்லை’ என்பதற்கு உலகமே அதை உதாரணம் காட்டியது. பாடப்புத்தகங்களில் ஏறியது.

உண்மையில் தாக்குதலைத் தெளிவாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பலர் காதில் விழுந்தது இரவில் ஏதோ ஒரு கூச்சல். ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டியதால் கொலையாளி முதலில் ஓடியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் படியிறங்கி ஓடிப்போய், ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சித்தரிப்பு தவறு என்று அதே பத்திரிகை 2016-ல் எழுதியது. 38 பேர் கதை ஐம்பது வருடம் உலகைச் சுற்றிவிட்டது. தாங்கிப் பிடித்த அந்தப் பெண்ணைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

வாட்ஸ்அப்பில் வருவதையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?

சேர்த்தே ஆக வேண்டும். 2018-ல் இந்தியாவின் பல மாநிலங்களில் ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது’ என்ற வதந்தியால் இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அப்போது சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, குழந்தைக் கடத்தலைப் பற்றிய வாசகம் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில விநாடிகளை யாரோ வெட்டியெடுத்துவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், வழிப்போக்கர்களைக் கொல்லும் ஆயுதமானது.

அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. ஃபார்வர்டு செய்தவர்களில் பெரும்பாலோர் தாய் தகப்பன்மார், பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் அனுப்பியவர்கள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

பதிவான வழக்குகள் கூடினால் குற்றம் கூடிவிட்டது என்றுதானே பொருள்?

எப்போதும் அப்படி இல்லை. இந்தியாவில் 2012-ல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 24,923. மறு ஆண்டு 33,707. ஒரே ஆண்டில் ஆண்கள் அவ்வளவு மாறிவிட்டார்களா? 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பின் நாடே பேசியது, சட்டம் மாறியது, காவல் நிலையப் படியேறத் துணிந்த பெண்கள் கூடினார்கள். எண் ஏறியதில் ஒரு பங்கு, அதுவரை வாய்மூடி இருந்தவர்கள் வாய்திறந்ததன் எண். கொலைக் கணக்கு இந்தக் குழப்பத்துக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. பிணத்தை மறைப்பது கடினம்.

பயம் சட்டத்தையும் மாற்றுமா?

மாற்றும். 1995-ல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஜான் டியூலியோ, ஈவிரக்கமற்ற சிறுவர் குற்றவாளிகளின் அலை வரப்போகிறது என்று எச்சரித்து, அவர்களுக்குக் ‘கொடூர வேட்டை மிருகம்’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். ஊடகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சிறுவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கும் சட்டங்களை அந்தப் பத்தாண்டில் மாநிலங்கள் வரிசையாகக் கடுமையாக்கின. அலை வரவே இல்லை. சிறுவர் வன்முறை இறங்கியது. 2012-ல், சிறுவர்களுக்குக் கட்டாய ஆயுள் சிறை விதிப்பது பற்றிய வழக்கில், அந்தக் கணிப்பு பொய்த்தது என்று உச்ச நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட மனுவில் டியூலியோவும் கையெழுத்திட்டார். அதற்குள் உள்ளே போனவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

கொலையாளியின் பெயரையும் படத்தையும் போடலாமா?

தேடப்படும்போது போட வேண்டும். பிடிபட்ட பிறகு, புகழுக்காகவே கொன்றவனின் முகத்தை நாள் முழுக்கக் காட்டுவது அவன் கேட்டதைக் கொடுப்பதுதான். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டென் அவன் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

செய்தியின் நடை உயிரைக் காக்கும் என்பதற்கு வியன்னா நல்ல சான்று. சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகியபோது, 1987-ல் பத்திரிகைகளுக்கு வழிகாட்டி நெறிகள் தரப்பட்டன: முதல் பக்கம் வேண்டாம், முறையை விவரிக்க வேண்டாம். பத்திரிகைகள் கேட்டன. அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே எண்ணிக்கை வெகுவாக இறங்கியது.

அப்போது குற்றச் செய்தியே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. செய்தி வராத கொலை, விசாரிக்கப்படாத கொலையாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. காவல் நிலையத்தில் நடக்கும் சாவு, சாதியின் பேரால் நடக்கும் கொலை, வரதட்சணைச் சாவு எல்லாம் யாரோ ஒரு நிருபர் விடாமல் எழுதியதால்தான் வெளியே வந்தன. நான் கேட்பது இன்னும் நாலு வரி. இது எத்தனையில் ஒன்று, கொன்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, முன்பே புகார் கொடுத்திருந்தாரா, கொடுத்திருந்தால் யார் அதைக் கிடப்பில் போட்டது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும் செய்திதான் அடுத்த உயிரைக் காக்கும்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் நாள் முழுக்கச் செய்திச் சேனல் முன்னாலேயே இருக்கிறார்கள். பயந்து பயந்து போன் செய்கிறார்கள். என்ன செய்வது?

புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு வாதாடாதீர்கள். நான் அம்மாவிடம் அப்படிப் பேசித் தோற்றேன். “உனக்கு என்னடா தெரியும், நேத்து ராத்திரிகூடக் காட்டினானே” என்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சேர்ந்து பார்த்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கொலைச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னேன். 14 கோடுகள் விழுந்தன. இதில் எத்தனை தனித்தனிக் கொலை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். 2. அதில் ஒன்று முந்தின வாரத்தது, தீர்ப்பு வந்ததால் மறுபடி காட்டினார்கள். தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரே ஆளைத்தான் திருப்பித் திருப்பிக் கொன்னுருக்கானுங்களா?” என்றார்.

இப்போது மாலை ஏழு மணிச் செய்தி மட்டும் பார்க்கிறார். இரவு போன் செய்வது நிற்கவில்லை. “தாழ்ப்பாள் போட்டுட்டியா?” என்று கேட்பார். போட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.